சத்தம் கேட்டவர்களுக்குப் பங்கு

பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு மலைச்சரிவில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ரேஷன் அரிசியில் பாதி கல், மீதி புழு. மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்குதான் எங்களுக்குச் சோறு. மாமனார் சரிவு முழுக்க மரச்சீனி நட்டிருந்தார். மழைக்காலம் முடிகிறவரை அதை நம்பித்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரியவேண்டும். இந்த விஷயம் எங்களுக்குத் தெரிந்த மாதிரியே காட்டுப்பன்னிகளுக்கும் தெரிந்திருந்தது.

பன்னிக்கு எதிராக எங்களிடம் ஒரு தோக்கு இருந்தது. துப்பாக்கியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மாமனாரின் அப்பா காலத்து நீளக் குழல். வாய் வழியே வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பு திணித்து, குண்டு போட்டு, கம்பியால் இடித்து, அது வெடிக்கத் தயாராவதற்குள் பன்னி தின்று முடித்து ஏப்பமும் விட்டிருக்கும். ஆனாலும் மாமனார் அதற்கு எண்ணெய் பூசித் துடைக்கிற அழகைப் பார்த்தால், அந்த வீட்டுக்கு எனக்கு முன்னாலேயே ஒரு மருமகள் வந்துவிட்டாள் என்றுதான் தோன்றும்.

மாமியாரின் தம்பி சண்டை முடிந்து பர்மா பக்கமிருந்து திரும்பியிருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் வீடு. ஊரே அவரைப் பட்டாளத்தார் என்று கூப்பிடும். பட்டாளத்தில் அவருக்குச் சமையல் வேலை என்பது எங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ரகசியம். மத்தியானம் ஆனால் பலாமரத்து மூட்டில் வந்து உட்கார்ந்துகொள்வார். நானும் மாமியாரும் கிழங்கு சீவி வாட்டிக் காயப்போடுவோம். ஆண்கள் உலகத்தை நடத்துவார்கள்.

"அத்தான், புதுசா ஒரு தோக்கு எறங்கியிருக்கு. அமெரிக்காக்காரனுக்க கையில எனக்க கண்ணால கண்டேன்" என்று ஒருநாள் தொடங்கினார். "ஒரு வெடி வெச்சா போதும். அடுத்த தோட்டா தன்னால ஏறும்."

"தன்னால எப்படி ஏறும்?"

"வெடிச்ச புகை இருக்குல்லா, அதுல கொஞ்சத்த ஒரு ஓட்டை வழியா பிடிச்சு எடுக்கும். அது உள்ள கெடக்க ஒரு தண்டத் தள்ளும். தண்டு பொறத்தால போவும்பம் பழைய கூடு வெளிய தெறிக்கும், புதுசு ஏறி இருந்துக்கும்."

மாமனார் வெற்றிலையை மென்று முடித்தார். "புகைக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா? எனக்க வீட்டு அடுக்களையிலயும் புகை உண்டு. ஒனக்க அக்காவ அதக்கொண்டு ஒரு சட்டிய நகத்தச் சொல்லு பாப்பம்."

"ஒம்மகிட்டப் போயி இதப் பறைஞ்சேன் பாரும்."

"கோவப்படாதலே. மழையில நனைஞ்சா?"

"சுடும்."

"சேத்துல விழுந்தா?"

"எடுத்து உதறிட்டுச் சுடலாம்."

"புகை போற ஓட்டையில கரி அடைஞ்சா?"

பட்டாளத்தார் பீடியை இரண்டு இழுப்பு இழுத்தார். "தொடைக்கணும்."

"யாரு தொடைக்கணும்?"

"சுடுகவன்தான்."

"அப்ப தன்னால ஒண்ணும் நடக்கல்ல, பாத்தியா! நான் முன்னால இடிக்கேன், அவன் பின்னால தொடைக்கான். இதுக்கா அமெரிக்காவரை போவணும்?"

"ஒமக்க தோக்கு போன ஆடியில என்ன செஞ்சுது? தூத்தல்ல மருந்து நனைஞ்சு ஸ்ஸுன்னு ஒரு மூச்சு விட்டுது. பன்னி திரும்பிப் பாத்துத் தும்மிச்சு."

"தும்மினாலும் ஓடிச்சா இல்லியா?"

இது ஒருநாள் பேச்சோடு முடியவில்லை. கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் இதே வழக்குதான். சுற்றிலும் இருந்த வீடுகள் கம்பிக் கட்சி, புகைக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தன. அந்தப் புதுத் தோக்கைத் தொட்டவர் ஒருவரும் கிடையாது. பார்த்தவர் ஒருவர்தான். அவரும் அமெரிக்காக்காரன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சப்பாத்திக்கு வரிசையில் நின்றபோது பார்த்தவர். என் வீட்டுக்காரரிடம் தீர்ப்புக் கேட்டார்கள். "ரெண்டும் நல்லதுதான்" என்றார். அன்றிலிருந்து இரண்டு கட்சியும் அவரோடு பேசவில்லை. வழக்கு நடந்த நாளெல்லாம் பன்னிகள் எந்தக் கட்சியிலும் சேராமல் சரிவின் மேல்பக்கத்திலிருந்து கிழங்கைத் தோண்டிக்கொண்டே வந்தன.

பிறகு ஒருநாள் பட்டாளத்தார் சத்தத்தைப் பற்றிப் பேசினார். "தோக்குக்க வாயில மாட்ட ஒரு குழல் உண்டு அத்தான். அது சத்தத்தத் தின்னுபோடும். பக்கத்துல கெடக்கவனுக்கு உறக்கம் தெளியாது."

"சத்தத்த எடுத்துட்டா அந்தத் தோக்குல என்னலே மிச்சம்?" என்றார் மாமனார்.

ஆனால் அதுவரை கிழங்கைவிட்டுத் தலை நிமிராத மாமியார் அப்போது நிமிர்ந்தார். "சத்தமே கேக்காதா?"

"ஒரு பொட்டுக் கேக்காதுக்கா."

மாமியாரின் கண்ணில் விளக்கேற்றிய மாதிரி ஒரு வெளிச்சம். காரணம் இருந்தது. எங்கள் மலையில் ஒரு முறை உண்டு. வெடிச்சத்தம் காதில் விழுந்து யார் ஓடி வந்தாலும், பன்னி விழுந்திருந்தால் அவர்களுக்குப் பங்கு. யார் வீட்டு மருந்து, யார் வீட்டுத் தோட்டம் என்ற பேச்சே கிடையாது. சத்தம் கேட்டதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆளும் நாயும் இறைச்சி பொதியத் தேக்கிலையுமாகப் பாய்ந்து வருவார்கள். காது மந்தமான கிழவர்களுக்குக்கூட அந்த ஒரு சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கும். முந்தின தடவை பன்னி விழுந்தபோது எல்லாருக்கும் பொதிந்து கொடுத்தபிறகு மாமியாருக்கு மிஞ்சியது வாலும் வால் இருந்த இடமும். அந்த ஆற்றாமை அவருக்கு ஆறவே இல்லை.

"தம்பி, அதுல ஒண்ணு இந்தத் தோக்குக்குச் செய்து தா" என்றார்.

பட்டாளத்தார் திகைத்துப் போனார். சப்பாத்தி கேட்டிருந்தால் சுட்டுக் கொடுத்திருப்பார். ஆனாலும் இத்தனை நாள் பேசிய பேச்சு இருக்கிறதே. சுற்றிச் சுற்றி யோசித்து, கடைசியில் மாமியாருடைய இலவம்பஞ்சுத் தலையணையைக் கேட்டார். அது மாமியார் சீதனமாகக் கொண்டுவந்தது. வேறு யாரும் அதில் தலை சாய்க்கக்கூடாது. பங்கு கொடுக்க வேண்டாத பன்னியை நினைத்துக்கொண்டு மாமியார் அதையும் தூக்கிக் கொடுத்தார். தோக்கின் வாயைச் சுற்றி அதைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். பல்வலிக்குக் கட்டுப்போட்டுக்கொண்ட கிழவி மாதிரி இருந்தது அது.

"இதப் பிடிச்சுக்கிட்டு நான் எப்படிலே குறி பாப்பேன்? தலையாணிக்கு மேல எனக்க கண்ணு எட்டல்ல" என்றார் மாமனார்.

"குறி எதுக்கு அத்தான்? சத்தமில்லாதது கொண்டு பன்னி ஓடாது. நிதானமா நின்னு மாத்தி மாத்திச் சுடலாம்."

அன்று அந்தி மயங்குகிற நேரத்தில் பன்னிகள் கூட்டமாக இறங்கின. தாயும் குட்டிகளுமாக ஒரு குடும்பமே வந்திருந்தது. நாங்கள் எல்லாரும் கொல்லையில் நின்று பார்த்தோம். மாமனார் தலையணையைத் தூக்கிப் பிடித்து உத்தேசமாக ஒரு பக்கம் பார்த்து வெடித்தார்.

பட்டாளத்தாரைக் குறை சொல்லக்கூடாது. சத்தம் கம்மிதான். கதவிடுக்கில் துணிமூட்டை மாட்டின மாதிரி ஒரு 'தொப்'. பஞ்சு மட்டும் குபீரென்று கிளம்பி மாமனார் தலையிலும் மீசையிலும் வந்து உட்கார்ந்தது. தாய்ப்பன்னி தலையைத் தூக்கிப் பார்த்தது. பறந்து வந்த பஞ்சை ஒருதரம் மோந்தது. பிறகு குனிந்து அடுத்த செடியின் மூட்டைத் தோண்டத் தொடங்கியது.

ஒருவரும் வரவில்லை. ஆள் இல்லை, நாய் இல்லை, தேக்கிலை இல்லை. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மாமனாரின் குண்டு எந்தக் காலத்திலும் தோட்டத்தைக் காத்ததில்லை. வெடிக்குப் பயந்து நாலு பன்னி நகரும், அவ்வளவுதான். மற்றதையெல்லாம் மலை தாண்டி விரட்டியது பங்குக்கு ஓடி வந்தவர்கள் போட்ட கூச்சலும் அவர்கள் நாய்களும்தான். மாமியார் அவர்களுக்குக் கொடுத்தது இறைச்சி இல்லை, காவல்கூலி.

மாமனார் மீசையில் பஞ்சோடு கம்பியைத் தேடிக்கொண்டிருந்தார். பட்டாளத்தார் "கயிறு அவுந்துபோச்சு, அதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிகள் நடுச்சரிவுக்கு வந்துவிட்டன. இன்னும் கொஞ்சம் விட்டால் ஐப்பசியில் எங்களுக்குக் கஞ்சித்தண்ணி மட்டும்தான். நான் செம்புக்குடத்தையும் ஆப்பையையும் எடுத்துக்கொண்டு பாறைமேல் ஏறினேன். குடத்தில் ஓங்கி நாலு அடி அடித்து, தொண்டை கிழியக் கத்தினேன்.

"பன்னி விழுந்தாச்சு! பன்னி விழுந்தாச்சே!"

ஓடைக்கு அந்தப் பக்கம் முதலில் நாய் குரைத்தது. பிறகு கீழ்ச்சரிவில், பிறகு எல்லாப் பக்கத்திலும். ஆட்கள் ஓவென்று கூவிக்கொண்டு சரிவில் பாய்ந்தார்கள். நாய்கள் அவர்களுக்கு முன்னால் பாய்ந்தன. தாய்ப்பன்னி இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஒரே ஓட்டம்.

தேக்கிலையோடு எல்லாரும் முற்றத்தில் வந்து நின்றார்கள்.

"எங்கவே பன்னி?"

மாமனார் வாயில் புகுந்த பஞ்சைத் துப்பிக்கொண்டிருந்தார்.

"தோக்குச் சத்தம் கேக்கல்லியே" என்றார் கீழ்வீட்டுக் கிழவர்.

"பாத்தீரா அத்தான்! கேக்கல்லன்னு அவரே சொல்லுகாரு" என்று பட்டாளத்தார் துள்ளினார். "குழல் வேலை செய்துது!"

"ஆமா, பன்னிக்கும் அதே அபிப்பிராயம்தான்" என்றார் மாமனார்.

மாமியார் என்னைப் பார்த்தார். "ஏட்டி, யாரு விளிச்சது?"

"நான்தான் மாமி. சத்தம் கேட்டவங்களுக்குப் பங்குண்டுல்லா. தோக்கு போடாத சத்தத்த நான் போட்டேன்."

வந்தவர்களை வெறும் இலையோடு திருப்பி அனுப்ப முடியாது. அது மலையில் பெரிய மானக்கேடு. பன்னி தோண்டிப் போட்டுவிட்டுத் தின்னாமல் போன கிழங்கையெல்லாம் பொறுக்கி, பெரிய சருவப்பானையில் அவித்து, கருவாட்டுச் சாறு வைத்து, தேக்கிலையில் வைத்துக் கொடுத்தோம். அதைத் தின்றுகொண்டே அவர்கள் மறுபடியும் புகைக்கும் கம்பிக்கும் சண்டை போட்டார்கள். ஆவி பறக்கிற கிழங்கைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஆவி தள்ளும்னா புகையும் தள்ளும்" என்று ஒருவர் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம்.

மீதிச் சரிவு அந்த மழைக்காலத்துக்குப் போதுமானதாக இருந்தது. தோக்கு உத்தரத்தில் தொங்கியது. பன்னி இறங்கினால் பாறைமேல் ஏறுவது என் வேலை ஆனது. லைசன்சும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். "பன்னி விழுந்தாச்சு" என்று நான் கத்தும்போது ஒரு பன்னியும் விழவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் இலையோடு வருவார்கள். பன்னி கண்ணில் பட்டதுமே, "கொஞ்சம் பொறுத்து விளி பிள்ளே, கிழங்கு இன்னும் வேகல்ல" என்று மாமியார் அடுக்களையிலிருந்து சொல்வார்.