காலடி ஸ்பீக்கருக்கு மட்டும் போன குரல்

கச்சேரியில் ஒலியைக் கலந்து அனுப்பும் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாட்டு நன்றாக அமைந்தால் கைதட்டல் பாடியவருக்குப் போகும். ஸ்பீக்கர் 'கீ'யென்று கத்தினால் மட்டும் அரங்கமே கழுத்தைத் திருப்பி முறைக்கும். அந்த முறைப்பைக் கல்யாணமான புதிதிலிருந்து வாங்கிக்கொண்டிருப்பவர் அண்ணி. அவர்களுடைய மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பது அவருடைய கணவரின் தம்பி. அவன் அண்ணி என்று கூப்பிட்டதைக் கேட்டு, டிரம்ஸ்காரர், வேன் டிரைவர், ஹால் வாட்ச்மேன்வரை எல்லாருக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். நரைத்த தலைகளும் அப்படித்தான் கூப்பிடும். அவர் அதைக் கண்டுகொள்வதில்லை.

இந்த வேலைக்கு அவரை யாரும் விரும்பி அழைக்கவில்லை. பழைய மிக்ஸர்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு குழுவுக்குப் போய்விட, "நீ சும்மாதானே உக்காந்திருக்கே, இந்தக் குமிழையெல்லாம் கொஞ்சம் பாத்துக்கோ" என்று கணவர் அவர் தலையில் கட்டிவிட்டார். கணவர்தான் குழுவின் பாடகர். அன்றைக்கு அண்ணி வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. "வீட்டுல மிக்ஸி, வெளியில மிக்ஸர். அரைக்கிறதுதான் என் தலையெழுத்து" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே தொழிலைக் கற்றுக்கொண்டார். போகப்போக, எந்த மைக் எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு போகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

விஷயம் ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. பாடகரின் மைக்கிலிருந்து வரும் குரல் மிக்ஸருக்குள் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, மேலும் கீழும் தள்ளுகிற ஃபேடர் வழியாக அரங்கத்தின் பெரிய ஸ்பீக்கர்களுக்குப் போகும். இன்னொன்று, பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்பதற்காக அவர் காலடியில் சாய்த்து வைத்திருக்கும் ஸ்பீக்கருக்குப் போகும். வீட்டுக்குள் வரும் தண்ணீர்க் குழாயில் கிளை வைப்பது போலத்தான் இது. காலடி ஸ்பீக்கருக்கான கிளையைக் குழாயின் திருகுக்கு முன்னால் வைத்தால், திருகை மூடினாலும் அங்கே தண்ணீர் ஓடும். பின்னால் வைத்தால் இரண்டும் ஒன்றாக நின்றுபோகும். எது முன்னால், எது பின்னால் என்று சொல்ல மிக்ஸரில் ஒரு சின்ன பட்டன் உண்டு, நகத்தால் அழுத்துகிற அளவு. காலடிக்குப் போவது முன்னாலிருந்து, எக்கோவுக்குப் போவது பின்னாலிருந்து என்பது தொழிலின் பாலபாடம்.

பாடகருக்குக் கழுத்தில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் கட்டி போனது, கூடவே குரல்நாணுக்குப் போகும் ஒரு நரம்பும் அடிபட்டது. ஒரு பக்க நாண் அசையவில்லை. டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "முதல் ஒரு வருஷம்தான் முக்கியம். பயிற்சியை விட்டுடாதீங்க. மாசாமாசம் வந்து காட்டுங்க. தேறலைன்னா இன்னொரு சின்ன ஆபரேஷன் பண்ணலாம். ஆனா சீக்கிரம் பண்ணாதான் பலன் இருக்கும்." பயிற்சி என்றால், டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து, ராகம் இழுத்தபடி குமிழி விடுவது. காலையில் குளியலறைக்குப் பக்கத்தில் நின்று மனுஷன் குழந்தை மாதிரி குமிழி விட்டுக்கொண்டிருப்பார். அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பைப் பார்ப்பார். அந்தச் சத்தம் அவருக்கு நம்பிக்கையாக இருந்தது.

ஆனால் வீட்டில் சும்மா இருக்கப் பாடகரால் முடியவில்லை. ஒரு பிறந்தநாள் நிகழ்ச்சியில் அடம்பிடித்துப் பாடினார். மேல் ஸ்தாயிக்குப் போன இடத்தில் குரல் உடைந்து வெறும் காற்றாக வந்தது. முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டார். திரும்பும் வழியில் வேனில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அண்ணி அவர் அழுது பார்த்தது அதுதான் முதல் தடவை. நெஞ்சே பிய்ந்துபோனது.

அடுத்த நிகழ்ச்சியில் அண்ணியும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டார்கள். தம்பிக்கும் அதே வீட்டுக் குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அண்ணனா தம்பியா என்று தெரியாது. கீபோர்டில் அவனுக்கு ஏற்கெனவே துணைக்குரல் மைக் இருந்தது. உயரமான வரி வரும்போது அண்ணி கணவரின் ஃபேடரை இறக்குவார், தம்பியின் ஃபேடரை ஏற்றுவார். அரங்கத்துக்குத் தம்பி பாடுவது கேட்கும். காலடி ஸ்பீக்கரில் பாடகருக்குத் தன் குரல் கேட்கும், அதுவும் தாராளமாக எக்கோ சேர்த்து. அந்த எக்கோவையும் ஃபேடருக்கு முன்னாலிருந்தே எடுத்து, அவருடைய காலடிக்கு மட்டும் போகும்படி அண்ணி தனியாக வழி பண்ணியிருந்தார். எக்கோவில் நனைந்தால் எந்த ஓட்டைக் குரலும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். தம்பியின் குரலை அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவே விடவில்லை.

முதலில் ஒரு வரிக்குத்தான் செய்தார்கள். பிறகு சரணம் முழுக்க. அப்புறம் பாட்டு முழுக்க. கடைசியில், பாடகரின் ஃபேடர் முதல் பாட்டிலிருந்தே தரையில் கிடந்தது. அரங்கத்தில் ஒருத்தர்கூட அவர் பாடிய குரலைக் கேட்கவில்லை. கேட்டவர் உலகத்திலேயே ஒருத்தர்தான்.

அவர் பூரித்துப் போனார். கைதட்டல் திரும்பி வந்துவிட்டதே. "பாத்தியா, தொண்டை தொறந்துடுச்சு" என்பார் வேனில். "டாக்டருக்கு என்ன தெரியும், பாடுறவனுக்குத் தெரியாதா அவன் தொண்டை?" டிரம்ஸ்காரர் பீடியைப் பற்றவைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். குழு முழுக்கத் தெரியும். யாரும் மூச்சு விடவில்லை.

ஒருநாள் காலையில் குமிழிச் சத்தம் கேட்கவில்லை. அண்ணி டம்ளரில் தண்ணீர் நிரப்பி, ஸ்ட்ராவோடு கொண்டுபோய் நீட்டினார்.

"இன்னிக்கு ஊதலையா?"

"எதுக்கு? சரியாப் போச்சே."

"டாக்டர் விடக்கூடாதுன்னு சொன்னாரே. இந்த மாசம் போய்க் காட்டவும் இல்ல."

"என்னம்மா நீ! நேத்து அந்த உச்சியில எப்படி நின்னேன், நீதானே பக்கத்துல இருந்து கேட்டே? நல்லா இல்லையா?"

அண்ணி டம்ளரைப் பிடித்தபடி நின்றார். உண்மை நாக்கின் நுனிவரை வந்தது. வேன் ஜன்னலில் பார்த்த அந்த முகமும் கூடவே வந்தது.

"நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்றார்.

தண்ணீரைத் தொட்டிச் செடியில் ஊற்றிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அதற்குப் பிறகு பலமுறை தம்பியிடம் புலம்பினார். "சொல்லிடலாமா தம்பி? வருஷம் ஓடுதே." தம்பி கீபோர்டுக்கு உறை மாட்டிக்கொண்டே, "நீங்களே சொல்லுங்க அண்ணி, என்னால அவர் மூஞ்சியைப் பார்த்து முடியாது" என்பான். இவராலும் முடியவில்லை. அடுத்த நிகழ்ச்சி முடியட்டும், அடுத்த மாதம் பிறக்கட்டும் என்று தள்ளிப்போட்டார். பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டால் எந்தக் கோழைத்தனத்தையும் எத்தனை நாள் வேண்டுமானாலும் வளர்க்கலாம்.

அப்போதுதான் ஒரு தொழிற்சாலையின் ஆண்டுவிழா வந்தது. மத்தியான நிகழ்ச்சி. பெரிய ஹால், தகரக் கூரை, ஒரே அளவு நீலச்சட்டை போட்ட ஆட்கள். ஹால் பொறுப்பாளர் கறாரானவர். "வெளி மிக்ஸரை இங்க மாட்டக் கூடாது. எங்களோடதுதான்" என்றுவிட்டார். அண்ணியின் மிக்ஸர் வேனிலேயே கிடந்தது. ஹால் மிக்ஸரில் முன்பு வேலை பார்த்த யாரோ, காலடி ஸ்பீக்கருக்கான வழியை எக்கோவுக்குப் பயன்படுத்திவிட்டு, பட்டனைப் பின்னால் என்று அழுத்தியபடியே விட்டுப் போயிருந்தார்கள். தூசி படிந்த பட்டன். அழுந்தியிருப்பது பார்வைக்குத் தெரியவில்லை.

புது மிக்ஸர் என்றால் அண்ணி தவறாமல் ஒரு சோதனை செய்வார். ஆள் பாடிக்கொண்டிருக்கும்போதே ஃபேடரை இறக்கி, காலடியில் குரல் நிற்கிறதா என்று பார்ப்பார். அன்றைக்குச் செய்யவில்லை. சோதனைக்குப் பாடியது அவருடைய கணவர். மேடையில் நின்று அண்ணியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேடரை இறக்கினால் "எதுக்கு என்னை எறக்குறே?" என்று கேட்பார். அந்தக் கேள்வியிடம் மாட்டிக்கொள்ள அண்ணிக்குத் தைரியமில்லை. ஃபேடரை மேலேயே வைத்துக்கொண்டு சோதித்தார். மேலே இருக்கும்போது எல்லாம் சரியாகத்தான் கேட்கும்.

நிகழ்ச்சி தொடங்கியது. அண்ணி மிக்ஸரோடு அரங்கத்தின் நடுவில், மேடைக்கு நேர் எதிரே. பாடகர் மைக்கைப் பிடித்து வணக்கம் சொன்னார், ஒரு ஜோக் அடித்தார், நீலச்சட்டைகள் சிரித்தன. பேசுகிறவரை ஃபேடர் மேலே இருந்தது. பல்லவி தொடங்குகிற நேரத்தில் அண்ணியின் விரல் பழக்கத்தில் அதை அடிவரை இறக்கியது.

பாடகர் சட்டென்று காலடியைப் பார்த்தார். மைக்கை உள்ளங்கையில் தட்டினார். பாடிக்கொண்டே அண்ணியைப் பார்த்து, கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டினார். அண்ணி பதற்றத்தில் ஃபேடரை மேலே தள்ளினார். அடுத்த கணம் காற்றும் கரகரப்புமாகக் கிழிந்துபோன ஒரு குரல் அந்தத் தகரக் கூரை முழுக்க நிறைந்தது. தலைகள் திரும்பின. அண்ணி உடனே இறக்கினார். காலடி மறுபடியும் ஊமையானது.

பாடகர் தொழில் தெரிந்தவர். பாட வருவதற்கு முன்னால் ஸ்பீக்கர் சுமந்தவர். அண்ணியின் விரல் மேலே போனபோது வந்த குரலும், கீழே வந்தபோது போன குரலும் எது என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் வாயை மூடினார்.

பாட்டு நிற்கவில்லை. காலடி ஸ்பீக்கர் அமைதியானதால், பெரிய ஸ்பீக்கர்களில் ஓடிய குரல் முதன்முறையாக அவர் காதுக்குத் தெளிவாக எட்டியது. அவருடைய குரலேதான், கட்டி வருவதற்கு முந்தைய குரல், அவர் உதடு அசையாமலே சரணத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. மெதுவாகத் திரும்பித் தம்பியைப் பார்த்தார். தம்பி கண்ணீரோடு பாடிக்கொண்டிருந்தான். நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும். முன்வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனை இடித்துக் காட்டினான்.

பாடகர் மைக்கை மறுபடியும் வாயருகே கொண்டுபோனார். மீதி நிகழ்ச்சி முழுக்க வாயசைத்தார். கடைசியில் கும்பிட்டுக் கைதட்டலையும் வாங்கிக்கொண்டார். இத்தனை பேர் பிழைப்பு அது என்பதை அவர் மறக்கவில்லை. அண்ணிக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அவர் மைக்கைத் தூக்கித் தன் மேல் எறிந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

வேனில் தம்பிதான் முதலில் உடைந்தான். "அண்ணே, தப்புதாண்ணே..."

"உன்னை ஒண்ணும் சொல்லலடா. நல்லாப் பாடினே" என்றார். குரல் கிசுகிசுப்பாக வந்தது. இத்தனை நாளும் அது அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. பிறகு அண்ணியிடம், "காதுல நல்லாவே பூ சுத்தியிருக்கே" என்றார். சிரிக்கவும் பார்த்தார்.

அந்த வாரமே டாக்டரிடம் போனார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, திரையில் தொண்டையைக் காட்டினார் டாக்டர். ஒரு நாண் அசைந்துகொண்டிருந்தது. மற்றது மெலிந்து, ஒதுங்கிக் கிடந்தது.

"இவ்வளவு நாள் ஏன் வரல?" என்றார் டாக்டர். "பேசுறதுக்குக் கொஞ்சம் சரி பண்ணலாம். பாடுறதுக்கு... அப்பவே வந்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம். பயிற்சியும் நடுவுல விட்டுட்டீங்க போல. யாராவது சரியாயிடுச்சுன்னு சொன்னாங்களா?"

பாடகர் அண்ணியைப் பார்க்கவில்லை. "இல்ல டாக்டர், நானா நினைச்சுக்கிட்டேன்" என்றார்.

வெளியே வராந்தாவில் மருந்துக்கு வரிசை நின்றது. இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அண்ணி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார்.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதாங்க..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும்" என்றார் அவர். "கேவலமா இருக்குன்னு ஒரே ஒரு தடவை என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்மா. அழுதிருப்பேன். அழுதுட்டு மறுநாள் காலையில எழுந்து ஊதியிருப்பேன்."

மருந்துக் கவுண்டரில் யாரோ அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். தங்கள் முறைதான் என்று நினைத்து எழுந்த அண்ணி, இல்லை என்று தெரிந்து மறுபடியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.