சும்மா சுற்றிய பம்ப்

எங்கள் காரை வெளியில் நின்று பார்த்தால் வெள்ளைக்காரன். முன்மூடியைத் திறந்தால் ஜப்பான்காரன். ஏ ஃபோட்டி என்று யாழ்ப்பாணம் முழுக்கச் செல்லமாக அழைக்கப்பட்ட பழைய இங்கிலாந்துக் காருக்குள், எங்கோ அடிபட்டுக் கிடந்த வான் ஒன்றின் டீசல் எஞ்சினை அப்பா இறக்கியிருந்தார். எஞ்சின் நீளம், இடம் கட்டை. அப்பா உள்தகட்டை வெட்டினார், ரேடியேற்றரை முன்னுக்குத் தள்ளினார், காற்றாடியின் இதழ்களையும் கத்தரித்தார். இப்படி ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்துக் குடித்தனம் நடத்தப் பழகிவிட்ட அந்தக் காரில் ஒரு குறை மட்டும் மிஞ்சியது. வோட்டர் பம்ப் கத்தியது.

எஞ்சினுக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் தண்ணீரைச் சுற்றவிடுவதுதான் அந்தப் பம்பின் வேலை. எஞ்சின் பெல்ற்றை இழுக்கும், பெல்ற் பம்பை இழுக்கும். எங்கள் பம்ப் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்ததால், சுற்றுகிற நேரமெல்லாம் கீச்சுக் கீச்சென்று அழுதது. சண்டிலிப்பாய்ச் சந்தியில் கார் திரும்பும்போதே எங்கள் வீட்டில் கேட்கும். கேட்டதும் அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து குசினிக்குள் போவார். அப்பா வாடகை ஓட்டம் முடித்து வந்து, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு ஏறும்போது, பால் விடாமல், இஞ்சி நிறையத் தட்டிப் போட்ட தேத்தண்ணீர் ஆவி பறக்க இருக்கும். அப்பாவுக்கு அப்படித்தான் வேண்டும்.

எனக்கு ஒன்பது வயதில் அப்பா ஆஸ்திரேலியாவுக்கென்று படகேறினார். ஏறுவதற்கு முதல்நாள் கிழக்குக் கரையில் எங்கிருந்தோ தொலைபேசியில் கதைத்தார். "போய்ச் சேர்ந்த உடனை எடுக்கிறன், பிள்ளை, அம்மாவைப் பாத்துக்கொள்" என்றார். பிறகு எடுக்கவில்லை. படகு கரை சேர்ந்ததென்றும் செய்தி இல்லை, மூழ்கியதென்றும் செய்தி இல்லை. சொந்தக்காரர் சிலர் ஒரு வருடம் பொறுத்துவிட்டு, செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிச் சடங்கைப் பற்றி மெல்ல வாயெடுத்தார்கள். அம்மா அவர்களை இருக்கச் சொல்லாமலே அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டில் வந்தவர்களை அப்படி அனுப்பியது அந்த ஒரு தடவைதான்.

காரைச் சித்தப்பா ஓட்டத் தொடங்கினார். அப்பாவின் தம்பி, அடுத்த ஒழுங்கையில் சின்னம்மாவோடு இருந்தார். கார்க்கொட்டில் எங்கள் வளவில் இருந்ததால், ஒவ்வொரு பின்னேரமும் ஓட்டம் முடித்துக் காரை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுச் சைக்கிளில் வீட்டுக்குப் போவார். சந்தியில் பம்ப் கத்தும். அம்மா எழும்புவார். வாசல் படலைக்குள் கார் நுழையும்போது கேத்தில் கொதித்து, இஞ்சியும் தட்டியாகிவிடும்.

"எனக்கெண்டு நேரம் பாத்துத் தேத்தண்ணி வைக்கிற மச்சாள் ஊரிலை வேறை ஆருக்கு இருக்கு?" என்று சித்தப்பா பெருமைப்பட்டுக்கொள்வார். அம்மா சிரிப்பார். ஆனால் கிளாசைக் கையில் கொடுக்கும்போது அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்காது. அது ஏனென்று கேட்க எனக்குத் தோன்றியதில்லை. தேத்தண்ணீரில் எனக்கும் ஒரு மிடறு கிடைக்குமா என்பதே அந்த நேரத்தில் என் கவலை.

சனியன் ஒரு கல்யாணத்தில் வந்தது. பழைய கார் என்பதால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எங்கள் காரைத்தான் கேட்பார்கள். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பின்னால் நடை வேகத்தில் போகவேண்டும். எஞ்சின் மெல்லச் சுற்றினால் பம்பும் மெல்லச் சுற்றும், தண்ணீர் ஓடாது, காற்றாடியோ முன்னமே இதழ் வெட்டுப்பட்டது. பெண் வீட்டுக்கு நாலு வளவு முன்னாலேயே கார் கொதித்து ஆவியைக் கக்கியது. நல்ல பாட்டு ஒன்றின் நடுவில் நாதஸ்வரக்காரர் ஊதுவதை விட்டுவிட்டு ஓடினார். பட்டு வேட்டியெல்லாம் வேர்வையில் நனைந்து மாப்பிள்ளை மிச்சத் தூரத்தை நடந்து போனார். சித்தப்பா வெட்கத்தில் பந்திக்குக்கூடப் போகவில்லை. யாரோ இரங்கிக் கொண்டுவந்து கொடுத்த இஞ்சிச் சோடாவையும் தொடவில்லை. அவருக்கு இஞ்சி வாயில் வைக்க ஆகாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு கல்யாண ஓட்டம் எதுவும் வரவில்லை. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் சோறு போட்டது அந்தக் கார்தான். சித்தப்பா யாழ்ப்பாணம் போய், பழைய சாமான் கடைகள் எல்லாம் ஏறி இறங்கி, அடிபட்ட புதுக்கார் ஒன்றில் இருந்து கழற்றிய மின்சாரப் பம்ப் ஒன்றைக் கொண்டுவந்தார். மாங்காய் அளவுதான் இருக்கும். இது பெல்ற்றை நம்பி இருக்காது, பற்றரியில் ஓடும். கார் ஊர்ந்தாலும் நின்றாலும் தன் வேகத்தில் தண்ணீரைத் தள்ளும் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். பழைய பம்பைக் கழற்றி, அது இருந்த ஓட்டையைத் தகடு வைத்து மூடினார். புதியதை ரேடியேற்றருக்குக் கீழே கட்டி, குழாய்களை மாற்றி, வயரை இழுத்து, ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில் ஒரு சுவிச் வைத்தார். முதல் ஓட்டத்தில் அந்தச் சுவிச்சைப் போட மறந்துபோய் மானிப்பாயில் மறுபடி கொதிக்க வைத்துக்கொண்டு வந்தார் என்பதை அவர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்தநாள் சுவிச்சை மறக்கவில்லை. வெப்பம் காட்டும் முள் நடுவில் படுத்தது படுத்ததுதான். பின்னேரம் அம்மா குசினி வாசலில் இருந்து சுளகில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். திடீரென்று முன்னால் ஒரு நிழல் விழுந்தது. அம்மா வீரிட்டுக் கத்த, சுளகு கவிழ்ந்தது.

"ஆரெண்டு பயந்திட்டன். நீர் வந்தது கேக்கேல்லையே தம்பி!"

"அதுதானே மச்சாள், சாமானின்ரை திறம்!" சித்தப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தனக்குக் கிடைத்த பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். தேத்தண்ணீர் வைக்கவில்லை என்பதையும் அவர் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா பொழுது சாய்கிற நேரத்தில் படலையில் போய் நிற்கத் தொடங்கினார். அடுப்பில் கறி தீயும். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்ச் சொன்னாலும் திரும்பமாட்டார். தீய்ந்த பூசணிக்காயைத் தொடர்ந்து தின்ற கோபத்தில் ஒருநாள் கேட்டேன்.

"சித்தப்பாவைத்தானே பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்? அவர் எப்பிடியும் வருவார்தானே அம்மா."

"ஓம்" என்றார் அம்மா. "சித்தப்பா வருவார்."

அந்தக் கிழமையே அம்மா சித்தப்பாவிடம் பழைய பம்பைப் பற்றி விசாரித்தார். இரும்புக்காரனுக்குக் கொடுக்க எடுத்து வைத்திருப்பதாகச் சித்தப்பா சொன்னார்.

"குடுக்காதையும் தம்பி."

"அது இனி ஒண்டுக்கும் உதவாது, மச்சாள். கத்துறதுதான் அதின்ரை வேலை."

அம்மா காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சத்தம் இல்லாமல் வந்தால் ஆர் வாறதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கள்ளருக்குப் பயப்படுகிறார் என்று நான் நினைத்தேன். சத்தமில்லாத காரை யாரும் இலேசாகக் களவெடுத்துக்கொண்டு போகலாம் அல்லவா? சித்தப்பாவிடம் அதை எடுத்துச் சொல்லவும் செய்தேன். அவர் கார்க்கொட்டிலுக்குப் போனார். முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே அப்பா வெட்டிய தகட்டையும் அப்பா கத்தரித்த காற்றாடியையும் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். திறந்தவர் ஒன்றையும் திருத்தாமலே மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய பம்ப் மறுபடி காரில் ஏறியது. மின்சாரப் பம்பும் இருந்த இடத்தில் இருந்தது. பழையதின் வயிற்றுக்குள் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரத்தைச் சித்தப்பா கழற்றி எடுத்துவிட்டார். வெளியில் இருக்கும் கப்பி மட்டும் பெல்ற்றில் சுற்றும். முந்தி இருந்த அதே கோணல் வரும்வரை தட்டித் தட்டிப் பூட்டினார். எஞ்சினை இயக்கியதும் அது அழத் தொடங்கியது. அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி.

"அப்ப உது என்ன வேலை செய்யும், சித்தப்பா?"

"ஒரு வேலையும் செய்யாது. சும்மா சுத்தும்."

"சும்மா சுத்துறதுக்கு ஏன் பூட்டினனீங்கள்?"

"சுத்தட்டும் பிள்ளை, விடு" என்றார். ஊரில் மற்றவர்கள் கேட்டபோது, ஆடு மாடு விலகட்டும் என்று பூட்டியதாகச் சொன்னார். கல்யாணத்தில் வாங்கிய அவமானத்தில் மனுசனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நான் உண்மையாகவே கவலைப்பட்டேன்.

அன்று பின்னேரம் சந்தியில் அந்தச் சத்தம் கேட்டது. படலையில் நின்ற அம்மா திடுக்கிட்டுத் தலையை நிமிர்த்தினார். வீதியை எட்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சின்னப் பெண் போல ஓட்டமும் நடையுமாகக் குசினிக்குள் போனார். இஞ்சி தட்டுவது கேட்டது.

கார் கொட்டிலுக்குள் வந்து நின்றது. சித்தப்பா இறங்கவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கச் சொன்னேன்.

"எஞ்சின் கொஞ்சம் ஆறட்டும், பிள்ளை."

முள்ளைப் பார்த்தேன். நடுவில் படுத்திருந்தது. ஆறுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. அவர் ஸ்ரியறிங்கில் கையை வைத்தபடி, குசினிப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தார். கிளாசில் கரண்டி சுற்றும் சத்தம் ஓய்ந்த பிறகுதான் இறங்கிக் கால் கழுவப் போனார்.

இப்போதும் அந்தக் கார் ஓடுகிறது, சித்தப்பாதான் ஓட்டுகிறார். கொழும்பில் இருந்து லீவில் வீட்டுக்குப் போகும் நாட்களில் பின்னேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கும் நெஞ்சு ஒருதரம் நின்றுவிட்டுத்தான் அடிக்கிறது. சந்தியில் இருந்து படலை வரைக்கும் வருவது அப்பா. காரைவிட்டு இறங்கினால்தான் சித்தப்பா. அந்த இடைவெளியை அம்மாவுக்கு எவ்வளவு நீட்டிக் கொடுக்க முடியுமோ அவ்வளவு நீட்டிக் கொடுத்திருக்கிறார் அந்த மனுசன். சின்னவளாக இருந்த எனக்கு அதில் ஒன்றுமே விளங்கவில்லை. எனக்கு விளங்கியதெல்லாம் ஒரு கிளாஸ் தேத்தண்ணீர்தான்.

பழைய பம்ப் மறுபடி கத்திய அன்று அம்மா நீட்டிய கிளாசை வாங்கி, சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுவையில் குடித்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், தன் வீட்டில் சின்னம்மாவிடம் பால் தேத்தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறார். சின்னம்மா குறையாகச் சொல்லித்தான் அது எனக்குத் தெரியும். சித்தப்பாவுக்கு இஞ்சி ஆகாது என்பதை அம்மா மறந்துபோனார், நினைவுபடுத்தவேண்டும் என்று அடுத்தநாள் வாயைத் திறக்கப் போனேன். சித்தப்பா கிளாசுக்கு மேலாக என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மிச்சத்தையும் குடித்து முடித்தார்.