ஹெட்டி சாத்திப் பார்த்த கதவு

ஹெட்டி கார்பட் பயப்படாத நேரம் என்று ஒன்று கிடையாது. கிரிம்ஸ்பியில் மீன் வறுக்கும் கடையில் நின்றபோது கொதிக்கிற எண்ணெய்க்குப் பயந்தாளாம். போர் வந்ததும் பெண்கள் படையில் சேர்ந்தாள். குண்டுவீச்சு விமானத்தின் வாலில், நாலு துப்பாக்கிகளோடு சுழலும் கண்ணாடிக் கூண்டைப் பராமரிப்பது அவளுக்கும் எனக்கும் வேலை. இப்போது கூண்டுக்குப் பயப்படுகிறாள். அதில் பறக்கப்போவது அவள் இல்லை என்பது வேறு விஷயம்.

குழாய் கசிகிறதா, தோட்டா நாடா சிக்காமல் ஏறுகிறதா என்று பார்த்து முடித்தபின் அவளுடைய சொந்தச் சடங்கு ஒன்று உண்டு. உள்ளே உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்துவாள். கைப்பிடியைச் சுற்றிக் கூண்டைப் பக்கவாட்டில் திருப்புவாள்; அப்போதுதான் கதவு வெளிப்பக்கம் பார்க்கும். பிறகு கதவைத் திறந்து தலையைப் பின்னால் வெளியே நீட்டுவாள். விமானம் தீப்பிடித்தால் துப்பாக்கிக்காரன் குதிப்பதற்கு அதுதான் வழி. நான் கீழே காத்திருந்து அவள் கழுத்தில் ஈரத்துணியை எறிவேன்.

அன்று மாலை தலை வரவில்லை.

"டேய் பிஞ்ச்பெக், விளையாடாத. கதவ விடு."

"நான் கீழ நிக்கிறேன், ஹெட்டி. என் கை என்ன ஏணியா?"

உள்ளே தடதடவென்று இடித்தாள். சத்தம் நின்றது. "திறக்கலடா," என்றாள் மெதுவாக.

அன்றிரவே பறக்கவேண்டிய விமானம்; வயிற்றில் குண்டு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏணி போட்டு ஏறி நெம்புகோலால் நெம்பினேன். கதவு ஓடும் காடிப் பள்ளத்தில் கம்பளித் துண்டு ஒன்று திரண்டு இறுகிக் கிடந்தது. கதவு விட்டுக்கொடுத்ததும் ஹெட்டி அதைப் பிடுங்கிக் கையில் பிடித்தபடி இறங்கினாள்.

கம்பளியின் சொந்தக்காரர், அந்தக் கூண்டில் பறக்கும் வால் துப்பாக்கிக்காரர் சார்ஜன்ட் க்ளெம் ஓகில், தேநீரோடு வந்தார்.

"ஏம்மா, அத ஏன் பிடுங்குன? மதியம்தான் அடைச்சேன். அந்த இடுக்குல வர்ற காத்து முதுக உறைய வைக்குது."

"கதவு திறக்கல, சார்ஜன்ட்."

"பயந்தாங்கொள்ளி கைக்கு எதுதான் திறக்கும்?"

யாரையும் எதிர்த்துப் பேசாத ஹெட்டி கம்பளியை மறுபடி காடியில் திணித்தாள். "ஏறுங்க. நல்லா இழுத்துச் சாத்துங்க."

சிரித்துக்கொண்டே ஏறிச் சாத்தினார்.

"பின்னாடி தீ," என்றாள். "வாங்க வெளிய."

முதலில் சிரிப்பு கேட்டது. பிறகு தோள் மோதும் சத்தம். பிறகு, "ஏய்! ஏய் பொண்ணே!"

"போதும் ஹெட்டி," என்றேன்.

"இன்னும் கொஞ்சம்." கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கை மட்டும் நெம்புகோலைத் தொடவில்லை.

திறந்தபோது அவர் முகம் மாவு பூசினதுபோல் இருந்தது. கம்பளியை அவரே பிடுங்கி எறிந்தார். நன்றியெல்லாம் சொல்லவில்லை. நான் என் ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டினேன். "பேன் இருந்தாலும் இருக்கும். துணைக்கு வரும்."

வாங்கிக்கொண்டார்.

விமானம் நகரத் தொடங்கியபோது கூண்டு பக்கவாட்டில் திரும்பியது. கதவு திறந்தது, மூடியது, மறுபடி திறந்து மூடியது. ஹெட்டி காலரைக் கடித்தபடி பார்த்திருந்தாள்.

"இன்னொரு தடவ பார்த்திருக்கலாமே," என்றாள்.