அம்பயர் நின்ற இடம்

பள்ளியில் நான் பேஸ்பால் ஆடினேன். நல்லூரில் எங்கள் மைதானம் சிறியது. ஒரு ஆட்டத்தில் முதல் பேஸுக்கு நான் எறிந்த பந்து, அங்கே நின்ற அம்பயரின் கண்ணில் பட்டது. அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டு நின்றேன். "உம்மேல தப்பில்ல அம்மிணி. சின்ன கிரவுண்டுல அம்பயர் கோட்டுக்கு வெளியதான் நிக்கோணும். நாந்தான் உள்ள வந்துட்டேன்" என்றார்.

அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. கட்டிங் வேலையும் போனது. நானோ அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட்டேன்.

போன மாதம் அதே முதல் பேஸில் நான் அம்பயர். கோட்டுக்கு வெளியே போய் நின்றேன். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தது.

அன்று ரத்தம் வழிய, நின்ற இடத்திலேயே அவர் பிடித்துக்கொண்டு சரிந்தது அந்தக் குழாயைத்தான். அவர் சரியான இடத்தில்தான் நின்றிருந்தார்.