மிக்ஸி கம்பெனி பெயரில் ஒரு வெப்சைட்

என் கணவர் மதுரை தல்லாகுளத்தில் மிக்ஸி, கிரைண்டர் விற்கிறார், பழுதும் பார்க்கிறார். குழந்தையோடு வீட்டில் இருந்த என்னிடம் கடைக்கு ஒரு வெப்சைட் செய்யச் சொன்னார். எம்.காம். படித்த மூளையை முழுசாக இறக்கினேன். பாதி ஊர் சட்னி அரைக்கும் ஒரு கம்பெனியின் பெயர், அதன் பின்னால் மதுரை, அதற்கும் பின்னால் சர்வீஸ். அந்த வெப்சைட் முகவரி காலியாக இருந்தது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் காலி சீட்டைக் கண்டால் ஜன்னல் வழியே துண்டு போடும் ஊர்க்காரி நான். போட்டுவிட்டேன்.

கடைக்குப் போன் கொட்டியது. கணவர் கைவேலையாக இருப்பார் என்று அழைப்புகளை என் போனுக்குத் திருப்பிக்கொண்டேன்.

ஒரு மதியம், குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது அந்தக் கம்பெனி வக்கீலின் மெயில் வந்தது. எங்கள் பதிவு பெற்ற பெயரை வைத்து மக்களைக் குழப்புகிறீர்கள், முகவரியை ஒப்படையுங்கள், தவறினால் வழக்கு, நஷ்டஈடு. குழந்தை அடுத்த வாய்க்காக வாயைத் திறந்திருந்தது. நான் அதைவிடப் பெரிதாகத் திறந்திருந்தேன். முகவரி என் பெயரில் அல்லவா இருக்கிறது! ஜெயிலுக்குள் கைக்குழந்தையையும் விடுவார்களா என்று இணையத்தில் தேடினேன். விடுவார்களாம். பயம் இரண்டு மடங்கானது.

கணவருக்குப் பயமே இல்லை. "கடை போர்டுல அவங்க பேரை அவங்களே எழுதிக் குடுத்தாய்ங்கல்ல? அப்ப இனிச்சுச்சா?" என்றார்.

அவருடைய பள்ளித் தோழர் ஒருவர் கோர்ட் பக்கத்தில் வக்கீலாக இருக்கிறார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இருவரும் போனோம்.

"மாப்ள, போர்டு அவங்களாக் குடுத்தது. இது நீங்களா எடுத்தது," என்றார் வக்கீல். "அவங்க மிக்ஸியை ரிப்பேர் பாக்குறோம்னு வெப்சைட்டுக்கு உள்ள எழுதிக்க. முகவரிதான் அதுக்கு வாசல். அதுலயே அவங்க பேரை மாட்டுனா, பாக்குறவன் நீதான் கம்பெனின்னு நினைப்பான்ல?"

"அம்புட்டு ஆசைன்னா வெலைக்கு வாங்கிக்கச் சொல்லுவோம்ணே," என்று சமர்த்தாக யோசனை சொன்னேன்.

வக்கீல் பேனாவை வைத்துவிட்டார். "தங்கச்சி, அப்படி ஒரு வரி எழுதிராத. விக்கிறதுக்காகவே எடுத்தீங்கன்னு அதையே காட்டி அமுக்கிருவாங்க."

"இந்தப் பேரைப் பார்த்து யாரும் ஏமாறலைண்ணே," என்றேன். என் போன் அடித்தது.

"கம்பெனிங்களா?" என்றது ஒரு பெண் குரல், ஸ்பீக்கரில்.

"சொல்லுங்க மேடம்," என்றேன், வழக்கம்போல.

வக்கீல் என்னையே பார்த்தார். கணவர் மின்விசிறியைப் பார்த்தார். 'சொல்லுங்க' என்றால் 'ஆமாம்' ஆகுமா என்று ராத்திரி முழுக்க யோசித்துப் புரண்டேன். ஆகும்தான்.

மறுநாளே முகவரியைக் கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்தோம். வழக்கு இல்லை என்று எழுதி வாங்கித் தந்தார் வக்கீல். கணவர் சொன்ன புதுப் பெயர்களை எல்லாம் யாராவது பதிந்திருக்கிறார்களா என்று தேடித் தேடிக் கழித்தேன். கடைசியில் வேறு யாருக்குமே வேண்டாத, சப்பென்ற ஒரு பெயர் கிடைத்தது. இனி போன் வருமா, கடை ஓடுமா என்பதே கவலை.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் கூப்பிட்டார். "கம்பெனியாம்மா?"

"இல்லைங்கய்யா. கம்பெனிக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை. அவங்க மிக்ஸியை ரிப்பேர் பாப்போம், அம்புட்டுதான்."

"அப்பாடா. அவய்ங்களுக்குப் போன் போட்டுப் போட்டு விரலே தேஞ்சு போச்சு. நீங்க எப்ப வாரீக?"