மார்ச் மாதத்தில் கடலில் இறங்கியவர்கள்

பலெர்மோவில் மார்ச் மாதத்தில் கடலில் இறங்குபவை இரண்டுதான். ஒன்று நாய். மற்றது இங்கிலாந்துக்காரர்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அந்தச் சிசிலி நகரத்தின் லிபெர்த்தாப் பகுதியில் ஒரு ஆங்கிலேயத் தம்பதியின் வீட்டில் வேலை செய்தேன். கணவர் ஒரு மொழிப் பள்ளியில் ஆங்கிலம் படிப்பித்தார். மனைவி, நான் சிஞ்ஞோரா என்று கூப்பிட்ட அம்மா, என்ன செய்தார் என்று கேட்டால், பலெர்மோவில் வசித்தார். அதையே ஒரு உத்தியோகம் போலச் செய்தார். காலையில் வுச்சீரியாச் சந்தைக்குப் போய் மீன்களைப் படம் பிடிப்பார், ஒன்றையும் வாங்கமாட்டார். வீட்டுக்கு வந்து, லண்டனிலிருந்து யாரோ சுமந்துவந்த டின் போஞ்சிக்கொட்டையைச் சூடாக்கிச் சாப்பிடுவார். மத்தியான வெயிலுக்கு ஊர் முழுவதும் ஜன்னல் பலகைகளைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும்போது இந்த வீடு மட்டும் ஆவென்று திறந்து கிடக்கும். பின்னேரம், சோபாத் துணி வெளுத்துப்போகிறது என்று என்னிடம் முறையிடுவார்.

இத்தாலிக்கு வருமுன் ஊரில் நான் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவள். ஆங்கிலத்தில்தான் கடிதம் எழுதினேன். முதல் நாளே இதைச் சொன்னேன். "எவ்வளவு அருமை" என்றார் சிஞ்ஞோரா. அதன் பிறகும் உடைந்த இத்தாலியனில், சத்தத்தைக் கூட்டித்தான் என்னோடு பேசினார். அவர்களுடைய ஆங்கிலேய நண்பர்கள் வந்தால், நான் தேநீர் ஊற்றிக்கொண்டு நிற்க, என்னைப் பற்றியே என் முன்னால் கதைப்பார்கள். நான் நேர்மையானவளாம். என் கண்கள் சோகமானவையாம். சிசிலியர்களைப் பற்றியும் அவர்களுக்குத் தீர்ப்புகள் இருந்தன. வருடக்கணக்காக அங்கே இருந்தும் எதிர்வீட்டுக்காரியின் பெயர் தெரியாது.

வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. பலெர்மோவில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் அது. சிஞ்ஞோரா தெரிந்தெடுத்தது அந்த வியாழனைத்தான். "மொண்டெல்லோ கடற்கரைக்குப் போகிறோம். உன் மகளையும் கூட்டிக்கொண்டு வா. உனக்கும் ஒரு மாற்றமாக இருக்கும்."

மகளுக்கு அப்போது ஐந்து வயது. கடற்கரை என்றதும் கட்டிலில் ஏறிக் குதித்தாள். என் கணவர் கால்சாவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அவருக்கு விஷயம் பிடிக்கவில்லை.

"உன்ரை லீவு நாளிலை உன்னை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகினம். அதுக்குப் பேர் மாற்றமாம்."

"பிள்ளை ஆசைப்படுறாள் அப்பா."

"ஓம், ஓம். தண்ணிக்குக் கிட்ட மட்டும் விடாதை. உனக்கும் நீந்தத் தெரியாது."

"மார்ச்சிலை ஆர் தண்ணிக்குள்ளை இறங்கிறது?"

"அவையைப் பற்றி உனக்குத் தெரியாதே?" என்றார்.

மொண்டெல்லோவில் வெயில் இருந்தது. ஆனால் காற்று எலும்பு வரை போனது. மணலில் நடக்க வந்த சிசிலியர்கள் கோட்டும் கழுத்துச் சால்வையுமாக நடந்தார்கள். எங்கள் ஐயாவும் சிஞ்ஞோராவும் கடலைக் கண்டதும் உடுப்பைக் கழற்றினார்கள். உள்ளே நீச்சலுடை. தோலுரித்த கோழி மாதிரி நின்றார்கள். இங்கிலாந்தின் ஆகஸ்டை விட இது சூடு என்றார் ஐயா. அவர்களுக்கு எந்த நாட்டிலும் இங்கிலாந்தின் காலநிலைதான். நான் விரிப்பை விரித்து, சான்ட்விச்சுகளை அடுக்கி, அவற்றில் மணல் விழாமல் காற்றோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். ஐயா முதலில் நீந்திப் போனார்.

"அம்மா, நானும் மாரேக்குள்ளை போறன்" என்றாள் மகள். அவளுக்குக் கடல் இத்தாலியனில்தான் வரும்.

"வேண்டாம் பிள்ளை. குளிரும்."

சிஞ்ஞோரா அதற்குள் அவளுடைய சப்பாத்தைக் கழற்றிவிட்டார். "முழங்கால் வரைக்கும்தான். குளிர்ந்த தண்ணீர் பிள்ளைகளை உறுதியாக்கும். நான் அப்படித்தான் வளர்ந்தேன்."

"போன கிழமைதான் அவளுக்கு இருமல் நின்றது" என்றேன், ஆங்கிலத்தில்.

"அப்படியானால் இன்னும் நல்லது. நீ வராதே. உன் பயம் பிள்ளைக்குத் தொற்றிக்கொள்ளும்."

நான் பின்னாலேயே போய்த் தண்ணீரின் ஓரத்தில் நின்றேன். சிஞ்ஞோரா அவளை முழங்கால் ஆழத்துக்குக் கூட்டிப்போனார். அதன் பிறகு செய்ததுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கையை விட்டார். விட்டுவிட்டு, கணவர் இருந்த பக்கம் பாய்ந்து நீந்தினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிஞ்ஞோராவுக்குப் பிள்ளை என்பது கரையில் குத்திவைத்த குடை. விட்ட இடத்தில் நிற்கும்.

மகள் அவருக்குப் பின்னால் இரண்டடி வைத்தாள். அலை வந்தது. பெரிய அலைகூட இல்லை. அவள் கத்தவில்லை. இருந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். கோட்டோடும் சப்பாத்தோடும் நான் உள்ளே போனேன். அலை அவளை இழுத்துப்போன இடத்தில் தண்ணீர் என் நெஞ்சுக்கு வந்தது. கையில் தட்டுப்பட்ட கம்பளிச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கரையில் அவள் சத்தி எடுத்து, இருமி, அதற்குப் பிறகுதான் அழுதாள். உதடு நீலமாக இருந்தது.

அவள் இப்போது வளர்ந்துவிட்டாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் நான் கதவைத் தட்டுகிறேன். "அம்மா, பாஸ்தா" என்று உள்ளிருந்து கத்துகிறாள், இத்தாலியனில் போதும் என்று. போதாது.

அன்று கடற்கரைச் சிற்றுண்டிக் கடைக்காரி ஓடி வந்தாள். என்னை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே பிள்ளையின் ஈர உடுப்பை உரிந்து, தன் கோட்டைக் கழற்றிச் சுற்றினாள். "இந்தக் குளிருக்குள் கடலில் விட்டாயா? நீ தாயா?" அந்தத் திட்டு எனக்கு நோகவில்லை. அவளுக்கு மூளை இருந்தது.

அப்போதுதான் சிஞ்ஞோரா முகம் சிவக்க, சிரித்தபடி கரையேறினார். நனைந்த கோட்டோடு நின்ற என்னைக் கண்டார்.

"ஓ, நீயும் இறங்கிவிட்டாயா? அற்புதமாக இல்லை?"

"பிள்ளை மூழ்கினாள்" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். "இப்போது நன்றாகத்தானே இருக்கிறாள்." பிறகு கணவரிடம் தணிந்த குரலில், "பாவம், இவர்களுக்குக் கடல் பழக்கமில்லை" என்றார். தீவில் பிறந்த என்னைப் பற்றி.

எங்கள் ஈரம் படாமல் ஐயா காரின் பின்னிருக்கையில் தங்கள் நாயின் துவாயை விரித்தார். மூலைகளை இழுத்துச் சரிசெய்தார். அந்தத் துவாயில் காட்டிய கவனத்தில் பாதியைக் கடலில் காட்டியிருக்கலாம். நான் ஏறவில்லை. கடைக்காரியின் கோட்டுக்குள் பிள்ளையைப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். "ஃப்ரெத்தோ, அம்மா, குளிருது" என்று பற்கள் அடிக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டில் காய்ச்சல் பிடித்தது. காய்ச்சல் விடும்வரை என் கணவர் அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் இருந்தார்.

திங்கட்கிழமை அவர்கள் வீட்டுக் கதவுத் திறப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சிஞ்ஞோரா என்னை இருக்கச் சொன்னார். முகத்தில் ஒரு பெருந்தன்மை.

"அன்று நீ காரில் ஏறாமல் போனது எங்களைக் கொஞ்சம் நோகச் செய்தது. பரவாயில்லை, நாங்கள் அதை மறந்துவிட்டோம்."

நான் திறப்பை மேசையில் வைத்தேன். அதைப் புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு, மகள் எப்படி என்று கேட்கும் முன்னமே, உன் இடத்துக்கு வர உன் ஆட்களில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன். எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.