ஸ்லைடுக்கு விளக்கெண்ணெய்

மாஸ்டர் முனிரத்தினம் இருந்தார். கிளாரினெட் வாசிக்கும் பாஷா பாய் இருந்தார். டிரம்பெட் சேகர் இருந்தான். நானும் டிரம்பெட்தான், நான் இருந்தேன். அடி அண்ணாமலையில் எங்கள் பேண்டு செட்டின் சாமான் அறை. நாலு பேர்.

அந்த நாலு பேரில் பொய் சொன்னவன் நான். தெரிந்தே சொன்னேன். ஆறு வருஷம் ஆகிறது.

எட்டாவதோடு நின்றவன் நான். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்த மாதிரி சொல்கிறேன். படித்துவிட்டு நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

டிரம்பெட்டின் முன்பக்கம் வளைந்த ஒரு குழாய் இருக்கும். ஸ்லைடு என்போம். வெளியே இழுத்தால் சுருதி இறங்கும். உள்ளே தள்ளினால் ஏறும். அது வழுக்கிக்கொண்டு போகவும் வேண்டும், விட்ட இடத்தில் நிற்கவும் வேண்டும். அதனால் விரலால் அழுத்துகிற பிஸ்டனுக்குப் போடும் தண்ணி மாதிரி எண்ணெய் இதற்கு ஆகாது. கெட்டியாக வேண்டும்.

எதைப் போடுவது என்பதில்தான் ஆளுக்கு ஒரு பேச்சு. தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்துபோகும், வெயிலில் ஒழுகிவிடும். நல்லெண்ணெய் பிசுக்குப் பிடிக்கும். சைக்கிள் கடை கிரீஸ் பரவாயில்லை, ஆனால் சட்டை கறுத்துவிடும். விளக்கெண்ணெய்தான் மோசம். போட்ட அன்றைக்கு அருமையாக இருக்கும். ஒரு மாதம் சும்மா கிடந்தால் பித்தளையோடு சேர்ந்து பச்சையாகிப் பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

எனக்கு இது எப்படித் தெரியும்? என் டிரம்பெட்டில் ஒருமுறை போட்டேன். பிடித்துக்கொண்டது. கொதிக்கிற தண்ணியை ஊற்றி, வீட்டில் யாருக்கும் தெரியாமல் கழற்றினேன். வெட்கம். ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மருந்துக்கடையில் லானோலின் வாங்கினேன். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற கொழுப்பு. பால் கொடுக்கும் தாய்மார்கள் மார்பு வெடிப்புக்குப் பூசுவது. கடைக்காரர், "வீட்ல விசேஷமா?" என்றார். ஆமாம் என்றேன். அதை ஒரு விபூதி டப்பாவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். யாரும் இன்னா ஏது என்று கேட்கவில்லை. இந்த ஊரில் விபூதி டப்பாவை யார் திறந்து பார்ப்பார்கள்?

மார்கழியில் கல்யாணம் கிடையாது. கருவிகளைக் கழுவி, எண்ணெய் போட்டு, ஸ்லைடைக் கடைசி வரை தள்ளிப் பெட்டியில் வைப்போம். அப்படி வைக்கிற அன்றைக்குத்தான் மாஸ்டர் சொன்னார்.

"வேங்கிக்கால்ல ஒரு ஸ்கூல்ல பேண்டு வாத்தியார் கேக்கறாங்க. பொங்கல் கழிச்சு ரெண்டு பேரும் வாங்க, இட்டுனு போறேன். யாரப் புடிக்குதோ எடுத்துக்கட்டும்."

"யார் போனாலும் சாவு ஊர்வலத்துல வெயில்ல வேகறதுக்கு ஒரு ஆளு கம்மி," என்று பாஷா பாய் சிரித்தார்.

சேகர் என்னைவிட நன்றாக வாசிப்பான். இதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

"டேய் ஏழுமல, உன் ஸ்லைடு மட்டும் வெண்ண மாதிரி போவுதே. இன்னாடா போடற?"

அவன் கேட்டது அவ்வளவுதான்.

"விளக்கெண்ண," என்றேன். சேகர் அன்றைக்கே போட்டுப் பெட்டியில் வைத்தான்.

யோசித்துச் சொன்னேனா? இல்லை... வாய் தானாகத் திறந்தது. ஆனால் திருத்துவதற்கு ஒரு மாதம் இருந்ததே! அந்த ஒரு மாதமும் நான் வாயைத் திறந்து வேறு சொல்லவில்லை. அப்படியானால் அது யோசித்ததுதான்.

பொங்கல் கழிந்து போனோம். பள்ளிக்கூட ஹாலில் ஒரு மிஸ் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். முதலில் சேகரைக் கூப்பிட்டார்கள். மிஸ் ஒரு கட்டையை அழுத்தினார். சேகர் ஊதினான்.

"கொஞ்சம் மேல இருக்குங்க. எறக்குங்க," என்றார் மிஸ்.

சேகர் இழுத்தான். வரவில்லை. துண்டைச் சுற்றி இழுத்தான். வரவில்லை.

"ஏழுமல, பெல் பக்கம் புடிடா."

விரிந்த வாய்ப்பக்கத்தைப் பிடித்தேன். அவன் இழுக்க, நான் பிடிக்க... அவன் முகம் எனக்கு நேர் எதிரே இருந்தது. வேர்த்திருந்தது. என் சட்டைப்பையில் விபூதி டப்பா.

அந்த நேரம் ஒரு ஆயா டீ போடக் கெட்டிலில் சுடுதண்ணி கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். கெட்டில் மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. என் கைக்கு எட்டுகிற தூரம். எடுத்து ஊற்றியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் இளகியிருக்கும். எனக்குத் தெரியும். அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும்!

நான் கெட்டிலைப் பார்த்தேன். பிறகு சுவரைப் பார்த்தேன்.

மாஸ்டர் கட்டிங் பிளேயர் கேட்டு வாங்கி, துணி வைத்துத் திருகினார். டப் என்று ஈயப்பற்று விட்டது. ஸ்லைடு அசையவில்லை, பக்கத்துக் குழாய் பிய்ந்து வந்தது.

"பரவாயில்லங்க, அடுத்தவர் வாசிக்கட்டும்," என்றார் மிஸ்.

என்னுடையதைத் தருகிறேன், நீ வாசி என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் ஸ்லைடை ஒரு விரலால் இழுத்தேன். சுருதி சேர்ந்தது. வேலை எனக்குக் கிடைத்தது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது சேகர் சொன்னான், "நான்தான்டா கம்மியா ஊத்திட்டேன். இன்னும் ஜாஸ்தி ஊத்தியிருக்கணும்."

நான் தலையை ஆட்டினேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஒரு ஆளுக்குச் செய்த துரோகத்தை ஒரு ஆள் சுமந்துகொண்டு செத்துப்போகலாம். ஆனால் சேகர் நல்லவன். தனக்கு வந்த கஷ்டம் இன்னொருத்தனுக்கு வரக்கூடாது என்று நினைக்கிறவன். போகிற இடமெல்லாம், பார்க்கிற பேண்டு செட்டில் எல்லாம் சொல்கிறான். 'ஸ்லைடுக்கு விளக்கெண்ணெய் போடு, நிறையப் போடு. நான் சொல்லல, ஸ்கூல் பேண்டு வாத்தியார் ஏழுமல சொன்னது!'

போடுகிறார்கள். மார்கழி வருகிறது. பெட்டியில் வைக்கிறார்கள். தை பிறந்ததும் என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் வாத்தியார் அல்லவா!

போன தையில் சேகரே வந்தான். கையில் கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவரின் டிரம்பெட். "இவரும் கம்மியா ஊத்திட்டாருடா," என்றான். தண்ணியைக் கொதிக்க வைத்து ஊற்றினேன். கழன்றது.

"அடப்பாவி, இவ்ளோதானா! அன்னிக்கு இது தெரியாம போச்சேடா!"

"எனக்கும் அப்ப தெரியாது," என்றேன். இது அவனிடம் சொன்ன இரண்டாவது பொய்.

அன்றைக்கு ஒரு முயற்சி செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். "இனிமே விளக்கெண்ண வேணாம்னு சொல்லு சேகரு. மருந்துக்கடைல லானோலின்னு ஒண்ணு விக்கறான். அதப் போடச் சொல்லு."

அவன் என் தோளில் தட்டிச் சிரித்தான். "ஏன்டா, என்கிட்ட விளக்கெண்ணனு சொல்லிட்டு, நீ தனியா அத வெச்சினு இருந்தியா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டான். கண்ணைப் பார்த்தேன்... விளையாட்டுதான்.

நானும் சிரித்தேன். "சும்மா சொன்னேன்டா. அதெல்லாம் வெல ஜாஸ்தி," என்றேன். அவன் விளக்கெண்ணெயையே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இவ்வளவு எழுதிவிட்டேனே, அவனிடம் போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நியாயம்தான். அவன் வீடு இங்கிருந்து நடக்கிற தூரம். நேற்றும் அந்த வழியாகத்தான் வந்தேன். வாசலில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தான். ஈயப்பற்று வைத்து ஒட்டிய அதே டிரம்பெட். ஒட்டும்போது ஈயம் ஸ்லைடுக்குள்ளும் ஓடிவிட்டது, இனி சுடுதண்ணிக்கும் அசையாது. மற்றவர்கள் எல்லாம் அவன் சுருதிக்குச் சேர்ந்துகொள்கிறார்கள். கையை ஆட்டினான். நானும் ஆட்டிவிட்டு வந்தேன்.

இதுவரை நான் சுடுதண்ணி ஊற்றிக் கழற்றிக் கொடுத்தவை பதினேழு. அதில் சேகருடையது இல்லை.